முகம் வேண்டும், சொல் வேண்டாம்: வெகுசனப் பண்பாட்டில் கறுப்பினப் பெண்கள்





தலித் இலக்கிய மேடையில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அந்த உறவு பழையது. ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் அமைப்பு, பிளாக் பேந்தர் கட்சியின் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் நாம் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிற வரலாறு.

ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லும்போது வரிசையில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிரெடரிக் டக்ளஸ், டு பாய்ஸ், மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ். கறுப்பினப் பெண்கள் நமக்கு வேறு வழியில் அறிமுகமாகிறார்கள். சினிமாவில், பாட்டுக் காணொளியில், வாட்ஸ்அப்பில் வந்து விழும் மீம்களில் அவர்களைப் பார்க்கிறோம். கண்ணை உருட்டுகிற ஒரு பெண், விரலை ஆட்டிப் பேசுகிற ஒரு பெண், வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண். அவர் பெயர் என்ன, அந்த நேரத்தில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியாது. ஒலியில்லாத மூன்று நொடிப் படம் அது.

முகத்தை வைத்துக்கொண்டு குரலை எடுத்துவிடுகிற இந்த வேலை கைப்பேசி வந்த பிறகு தொடங்கியதா? இல்லை. கறுப்பினப் பெண்களைப் பற்றி வெகுசனப் பண்பாடு உருவாக்கிய பிம்பங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுவான வேலை உண்டு. அந்தப் பெண் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சமூகத்தைப் பழக்குவதே அந்த வேலை. இழிவுபடுத்துவது அதில் ஒரு பகுதி மட்டும்தான். சில பிம்பங்கள் புகழவும் செய்யும். புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் விளைவு ஒன்றுதான்: அவள் சொல் செல்லாது. இன்று நாம் பேசப்போவது இதைத்தான்.

சட்டம் செய்த வேலை

பிம்பத்துக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ராபர்ட் நியூசம் என்ற நிலவுடைமையாளர் 1850இல் சீலியா என்ற சிறுமியை விலைக்கு வாங்கினார். அவளுக்கு அப்போது ஏறத்தாழ 14 வயது. ஐந்து ஆண்டுகள் அவளை வல்லுறவுக்கு உட்படுத்தினார். 1855 ஜூன் மாதம் ஓர் இரவு, மீண்டும் வந்தவரை சீலியா அடித்துக் கொன்றாள்.

வழக்கு நடந்தது. தன்னைக் கெடுக்க வருபவனை எதிர்த்துத் தற்காத்துக்கொள்ள 'எந்தப் பெண்ணுக்கும்' உரிமை உண்டு என்று மிசௌரிச் சட்டம் சொல்லியிருந்தது. சீலியாவின் வழக்கறிஞர்கள் அதைத்தான் காட்டினார்கள். அடிமைப் பெண் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வெள்ளையருக்கு எதிராக அடிமைகள் சாட்சி சொல்வதற்கும் சட்டத்தில் தடை இருந்தது. நடந்ததை அறிந்தவர்களில் உயிரோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளைச் சாட்சியாக ஏற்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவளைத் தூக்கிலிட்டார்கள்.

பத்து ஆண்டுகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கறுப்பினப் பெண் நீதிமன்றத்தில் பேசலாம் என்றானது. சட்டம் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய இப்போது வேறொன்று தேவைப்பட்டது. அந்த இடத்துக்குப் படங்கள் வந்தன. நாடக மேடையும் விளம்பரமும் வானொலியும் சினிமாவும் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டன.

இந்தப் படங்களுக்கு 'கட்டுப்படுத்தும் பிம்பங்கள்' என்று பெயர் வைத்தவர் சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ். 1990இல் வெளிவந்த 'பிளாக் ஃபெமினிஸ்ட் தாட்' என்ற நூலில் அவர் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய பிம்பங்களில் மூன்றையும், அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் 'வலிமையான பெண்' என்ற பிம்பத்தையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முறையிட எதுவுமில்லாதவள்

முதல் பிம்பம் 'மாமி'. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அமெரிக்காவில் அது வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்த கறுப்பின வேலைக்காரியைக் குறிக்கும். பருத்த உடல், தலையில் கட்டிய துணி, எப்போதும் சிரித்த முகம். எசமான் வீட்டைத் தன் வீடாக நினைப்பவள். அவளுக்கென்று பிள்ளையோ துயரமோ இருப்பதாகக் கதை சொல்லாது.

இந்த முகத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது 1889இல் தொடங்கிய 'ஆன்ட் ஜெமைமா' என்ற பான்கேக் மாவு. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்தப் பாத்திரமாக நின்று பான்கேக் சுட்டுக் காட்டியவர் நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர் அவர். அடிமைக் காலத்துத் தோட்டத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்ற கதையை, அடிமையாகப் பிறந்த ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். 1923இல் அவர் இறந்தார். அந்தப் பாத்திரத்தின் முகம் மாவுப் பெட்டியில் பிறகும் ஏறத்தாழ நூறாண்டு காலம் இருந்தது. சிகாகோவில் அவருடைய கல்லறைக்கு 2020 வரை ஒரு பெயர்ப்பலகைக் கல் கூட இல்லை.

அவர் இறந்த அதே 1923இல் இன்னொன்றும் நடந்தது. 'மாமி'க்கு வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்பும் மசோதாவை அமெரிக்க செனட் பிப்ரவரியில் நிறைவேற்றியது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பு, 1922 டிசம்பரில், கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைத் தடுக்கும் டயர் மசோதாவை அதே செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே முடக்கியிருந்தார்கள். உயிரோடிருக்கும் கறுப்பினப் பெண்ணின் கணவனையும் மகனையும் காக்கச் சட்டம் கிடையாது. கற்பனைத் தாதிக்குச் சிலை உண்டு. மேரி சர்ச் டெரல் உள்ளிட்ட கறுப்பினப் பெண் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மசோதா கீழவையைத் தாண்டவில்லை.

1939இல் வெளியான 'கான் வித் த விண்ட்' படத்தில் மாமியாக நடித்ததற்காக ஹாட்டி மெக்டேனியல் 1940 பிப்ரவரியில் ஆஸ்கர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினர் அவர். விழா நடந்த ஓட்டலில் கறுப்பினருக்கு அனுமதி இல்லை. தயாரிப்பாளர் தனியாகக் கேட்டுக்கொண்டதால் அவரை உள்ளே விட்டார்கள். சக நடிகர்களோடு உட்காரவைக்காமல் சுவரோரம் தனி மேசை போட்டார்கள். அதற்கு முன் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. திரையில் அவர் வேண்டும், பக்கத்து நாற்காலியில் வேண்டாம்.

மாமி பிம்பம் கறுப்பினப் பெண்ணைப் பழிக்கவில்லை, பாராட்டத்தான் செய்கிறது. 'அவளுக்கு ஒரு குறையும் இல்லை' என்று சொல்கிறது. குறையே இல்லாதவளுக்கு முறையிட என்ன இருக்கிறது?

நம்பத் தகாதவள்

இரண்டாவது பிம்பத்துக்கு 'ஜெசபெல்' என்று பெயர். விவிலியத்தில் வரும் அரசியின் பெயர் அது. கறுப்பினப் பெண் அடங்காத காமம் கொண்டவள், அவள் சம்மதிக்காத நேரமே இல்லை என்பது இந்தப் பிம்பத்தின் சாரம். எசமானின் குற்றத்தை அவள் உடலின் குணமாக மாற்றிவிடுகிற தந்திரம் இது.

இதன் வேர் அமெரிக்காவில் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் 1810இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, காசு வாங்கிக் காட்டும் காட்சிப்பொருளாக்கப்பட்டார். 1815இல் பாரிசில் இறந்தார். இறந்த பிறகும் விடவில்லை. விலங்கியலாளர் கூவியே அவர் உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தன. 1994இல் நெல்சன் மண்டேலா கேட்டார். 2002இல்தான் அவர் எச்சங்கள் தாய்மண்ணுக்குத் திரும்பின. ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்கப் பெண்கள் நாளன்று அடக்கம் செய்தார்கள்.

இந்தப் பிம்பம் நீதிமன்ற வாசலில் என்ன செய்யும் என்பதற்கு ரீசி டெய்லரின் வழக்கு சான்று. 1944 செப்டம்பரில், அலபாமாவின் அபிவில் ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 24 வயதுப் பெண்ணை வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் கடத்தி வல்லுறவு செய்தார்கள். வெளியே சொன்னால் கொன்றுவிடுவோம் என்றார்கள். அவர் சொன்னார். அவரை ஒழுக்கம் கெட்டவள் என்று ஊரில் பேச்சு பரப்பினார்கள். இரண்டு முறை நடுவர் குழு கூடியது. இரண்டு முறையும் ஒருவர் மீதும் குற்றம் சாட்டவில்லை.

அந்த வழக்கை விசாரித்து எழுத மான்ட்கமரியிலிருந்து அனுப்பப்பட்டவர் ரோசா பார்க்ஸ். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த பெண் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே அவர் வல்லுறவுக்கு ஆளான கறுப்பினப் பெண்களின் சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். கால் வலித்ததால் எழவில்லை என்ற சாந்தமான தையற்காரி பிம்பம்தான் பாடப்புத்தகத்துக்கு வந்தது. அலபாமா சட்டமன்றம் ரீசி டெய்லரிடம் 2011இல் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றை ஒட்டியிருந்தது.

கோபக்காரி

மூன்றாவது 'சஃபையர்'. 1928இல் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற வானொலித் தொடரில் வரும் ஒரு மனைவியின் பெயர் இது. கறுப்பின ஆண்களான ஏமசுக்கும் ஆண்டிக்கும் குரல் கொடுத்தவர்கள் இரண்டு வெள்ளையர்கள். சஃபையரின் வேலை கணவனைத் திட்டுவது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் எதிர்த்தது. 1953இல் தொடர் நின்றது. சஃபையர் நிற்கவில்லை. கத்துகிற, கையை இடுப்பில் வைக்கிற, தலையை ஆட்டுகிற கறுப்பினப் பெண்ணாக இன்றுவரை ஆயிரம் படங்களில் வருகிறாள்.

2018 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸ் நடுவரோடு வாதிட்டார். அவர் வாதத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆண் வீரர்கள் இதைவிட மோசமாகப் பேசியும் தண்டிக்கப்படாதபோது எனக்கு மட்டும் ஏன்? அதற்குச் சரி, தவறு என்று யாரும் பதில் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் ஒரு நாளிதழ் வெளியிட்ட கேலிச்சித்திரம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. தடித்த உதடுகளோடு, மட்டையை மிதித்துக் குதிக்கும் குழந்தையாக அவரை வரைந்தது. ஹெய்ட்டி வம்சாவளித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த நவோமி ஒசாகாவை, எதிரே நிற்கும் பொன்னிறக் கூந்தல் பெண்ணாகக் காட்டியது. 2019இல் அந்நாட்டுப் பத்திரிகைக் குழு அந்தச் சித்திரத்தில் விதிமீறல் இல்லை என்று முடிவு செய்தது.

கோபக்காரி என்று ஒருத்திக்குப் பெயர் வைத்துவிட்டால் அவள் கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோபம் அவள் குணமாகிவிடும். குணத்துக்கு யாரும் நீதி வழங்க வேண்டியதில்லை.

வலி தெரியாதவள்

நான்காவது பிம்பம் நம்மில் பலருக்கும் பிடித்தமானது: எதையும் தாங்கும் வலிமையான கறுப்பினப் பெண். இது புகழ்ச்சியாகத் தெரியும். இதன் பின்னால் உள்ள வரலாறு அறுவை மேசையில் தொடங்குகிறது. 1840களின் பிற்பாதியில் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள்மேல் மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவைச் சோதனை செய்தார். அவர்களில் மூவர் பெயர் அவர் எழுத்திலேயே இருக்கிறது: அனார்கா, பெட்சி, லூசி. அனார்காவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை. சிம்ஸ் நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை எனப்பட்டார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள்.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் 'கறுப்பினரின் தோல் தடிமனானது' என்பதைப் போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்புவதைக் காட்டியது. அமெரிக்க அரசின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவங்களில் உயிரிழந்த வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர், கறுப்பினத் தாய்மார் 69.9 பேர்.

பணமும் புகழும் இதைத் தடுக்குமா? மறுபடியும் செரீனாவைப் பார்ப்போம். 2017இல் அறுவை செய்து மகளைப் பெற்ற மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் இரத்தக்கட்டி ஏற்கெனவே வந்தவர் அவர். சி.டி. ஸ்கேன் எடுங்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று அவரே செவிலியரிடம் கேட்டார். வலிமருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். அவர் விடாமல் கேட்டதால் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், கட்டிகள் இருந்தன. உலகம் அறிந்த ஒரு விளையாட்டு வீராங்கனை தன் உடலைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கே இந்தக் கதி. பெயர் தெரியாத பெண்ணின் சொல்லுக்கு என்ன கதி என்பதைத்தான் 69.9 என்ற எண் சொல்கிறது.

கைப்பேசிக்கு வந்த பிம்பங்கள்

சமூக ஊடகம் வந்தபோது ஒரு நம்பிக்கை இருந்தது. இனி பத்திரிகை முதலாளியோ சினிமா முதலாளியோ நடுவில் இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் நேரடியாகப் பேசலாம் என்று. அந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யில்லை. 2013இல் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' முழக்கத்தைத் தொடங்கியவர்கள் மூன்று கறுப்பினப் பெண்கள். ஆனால் பழைய பிம்பங்களும் அவர்களோடு சேர்ந்தே அங்கு குடியேறின.

தேடுபொறியிலிருந்து தொடங்குவோம். கறுப்பினச் சிறுமிகள் என்று ஆங்கிலத்தில் கூகுளில் தேடினால் முதல் பக்கத்தில் ஆபாசத் தளங்கள் வந்து நின்றதைப் பேராசிரியர் சஃபியா நோபல் பதிவு செய்தார். 2018இல் வெளிவந்த அவர் நூல் இதைப் பற்றியது. ஜெசபெல்லை யாரும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. விளம்பர வருமானமும் பலருடைய சொடுக்குகளும் சேர்ந்து அவளை மேலே கொண்டுவந்தன.

அடுத்து, முதலில் சொன்ன மூன்று நொடிப் படங்கள். கறுப்பினரல்லாதவர்கள் தங்கள் எரிச்சலையோ கிண்டலையோ காட்டக் கறுப்பினப் பெண்ணின் முகத்தை எடுத்து ஒட்டுவதை 'டிஜிட்டல் கறுப்பு முகப்பூச்சு' என்று விமர்சகர்கள் அழைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் ஆடினார்கள். இப்போது கரி தேவையில்லை. உழைப்பும் இப்படியே போகிறது. 2019இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஜலையா ஹார்மன் என்ற 14 வயதுச் சிறுமி உருவாக்கிய 'ரெனிகேட்' நடனம் டிக்டாக்கில் உலகமெங்கும் பரவியது. புகழ் அதை ஆடிக்காட்டிய வெள்ளையினப் பெண்களுக்குப் போனது. உருவாக்கியவர் யார் என்று பரவலாகத் தெரிய 2020 பிப்ரவரியில் ஒரு பத்திரிகைச் செய்தி வர வேண்டியிருந்தது.

வசையைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 778 பெண் அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் 2017இல் வந்த ட்வீட்டுகளை அம்னஸ்டி இண்டர்நேஷனல் ஆராய்ந்தது. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் வசைக்கு இலக்காகும் வாய்ப்பு 84 விழுக்காடு கூடுதல். அதே ஆண்டு பிரிட்டன் தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரங்களில், பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வந்த வசைகளில் சுமார் 45 விழுக்காடு ஒரே ஒருவருக்கு வந்தது. 1987இல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணான டயான் அபட் அவர். கறுப்பினப் பெண்ணின் மேல் மட்டும் இப்படிச் சேர்ந்து இறங்கும் நிறவெறிக்கும் பெண் வெறுப்புக்கும் 'மிசோஜினுவார்' என்று ஒரு சொல்லையே மோயா பெய்லி உருவாக்கினார்.

இன்னும் ஒன்று. 2014 ஜூனில் தந்தையர் தினத்தை ஒழிக்க வேண்டும் என்று ட்விட்டரில் ஒரு முழக்கம் கிளம்பியது. எழுதியவர்கள் கறுப்பினப் பெண்ணியவாதிகள் போலத் தோன்றினார்கள். ஷஃபீகா ஹட்சன் என்ற கறுப்பினப் பெண் அவற்றைப் படித்ததும் சந்தேகப்பட்டார். மொழி பொய்யாக ஒலித்தது. எந்தக் கறுப்பினப் பெண்ணும் இப்படிப் பேசமாட்டாள். தோண்டியபோது வெறுப்பைப் பரப்பும் இணையக் குழுவினர் கறுப்பினப் பெண்களாக வேடமிட்டுப் போலிக் கணக்குகள் நடத்துவது வெளிப்பட்டது. அவரும் தோழியரும் 'உன் உள்பாவாடை தெரிகிறது' என்று பொருள்படும் குறிச்சொல்லில் போலிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள். கூலி இல்லாத வேலை. நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டே ஆண்டில், 2016 அமெரிக்கத் தேர்தலில், ரஷ்யப் போலிக் கணக்குகள் அதே உத்தியைப் பெரிய அளவில் கையாண்டன. கறுப்பின அமெரிக்கர்களே அதன் முதன்மை இலக்கு என்று செனட் குழு பின்னர் அறிக்கை தந்தது. கறுப்பினப் பெண்களின் எச்சரிக்கையை 2014இல் செவிமடுத்திருந்தால் அந்த நாடு பலவற்றைக் கற்றிருக்கும். சாட்சியை ஒதுக்கியதால் நட்டம் சாட்சிக்கு மட்டும் இல்லை.

கொல்லப்பட்டவரும் பிம்பமாகிறார். 2020 மார்ச் 13 அன்று லூயிவில் நகரில் நள்ளிரவு கடந்து வீட்டுக்குள் புகுந்த போலீசார் சுட்டதில் 26 வயது பிரியானா டெய்லர் இறந்தார். அவசர மருத்துவ ஊழியர் அவர். நீதி கேட்ட முழக்கம் சில மாதங்களில் மீமாக மாறியது. சமையல் குறிப்பின் முடிவிலும், கடற்கரைப் படத்தின் கீழும், ஜோக்கின் கடைசி வரியாகவும் அவர் பெயரை ஒட்டினார்கள். பகிர்ந்தவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நடுவர் குழு ஒரு காவலர் மீது குற்றம் சாட்டியது. பிரியானாவின் மரணத்துக்காக அல்ல. பக்கத்து வீட்டுக்குள் குண்டு பாய்ந்ததற்காக.

பிம்பத்தைத் தன் கையில் எடுத்தவர்கள்

இதையெல்லாம் கறுப்பினப் பெண்கள் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சோஜர்னர் ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தன் மகனை மீட்க நீதிமன்றம் போய், 1828இல் வென்றார். 1860களில் தன் புகைப்படங்களைத் தன் பெயரில் காப்புரிமை பெற்று விற்று அந்த வருமானத்தில் இயக்க வேலை செய்தார். கண்ணாடியும் பின்னல் வேலையுமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படங்கள். எந்த முகம் வெளியே போக வேண்டும் என்று அவரே முடிவு செய்தார்.

ஆனால் அவர் சொல்லுக்கு என்ன ஆனது? 1851இல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் அவர் ஆற்றிய உரை 'நான் பெண்ணில்லையா' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. அடுத்த சில வாரங்களில் ஒரு செய்தித்தாளில் வந்த பதிவில் அந்தக் கேள்வி இல்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு வெள்ளையினப் பெண்ணியவாதி வெளியிட்ட வடிவத்தில்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வடிவம் ட்ரூத்தைத் தென்மாநில அடிமை வழக்கில் பேசவைக்கிறது. அவர் வளர்ந்தது வடக்கே, தாய்மொழி டச்சு. நண்பர்களும் குரலை மாற்றுவார்கள் என்பதற்கு இது பாடம். 2006இல் டரானா பர்க் கறுப்பினச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய 'மீ டூ', 2017இல் ஒரு வெள்ளையின நடிகையின் ட்வீட்டால்தான் உலகச் செய்தியானது. போலீஸ் வன்முறையில் கொல்லப்பட்ட பெண்களின் பெயரைச் சொல்லச் சொல்லி 2014இல் தொடங்கிய இயக்கத்தின் தேவையும் இதே இடத்தில் பிறந்ததுதான். ஆண்களின் பெயர் தெரிந்த கூட்டத்துக்குப் பெண்களின் பெயர் தெரியவில்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியதைத் தன் கைப்பேசியில் படம்பிடித்தவர் 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர். போலீசின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் என்றது. அந்தப் பெண்ணின் படம் அறிக்கையைப் பொய்யாக்கியது. 2021இல் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், காவலர் தண்டிக்கப்பட்டார், புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. சீலியாவுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் டார்னெல்லா நின்றார். இது பெரிய வெற்றி. கூடவே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். படம் இல்லாமல் அவர் வெறும் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால்?

நல்ல பிம்பங்கள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் போதாது. 2020இல் நிறுவனம் ஆன்ட் ஜெமைமாவின் முகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தது. எடுத்தது சரிதான். அந்தப் பாத்திரமாக நடித்த இன்னொரு பெண்ணான அன்னா ஷார்ட் ஹாரிங்டனின் வாரிசுகள் பங்கு கேட்டு 2014இல் தொடுத்த வழக்கு மறு ஆண்டு தள்ளுபடியாகியிருந்தது. முகத்தை நீக்குவது எளிது, கணக்கைத் தீர்ப்பது கடினம்.

நம் கையில் இருப்பது

சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு, தனித்தனிச் சடங்கு, தனித்தனிச் சட்டம் உண்டு. ஆனால் சாட்சியத்தை அழிக்கும் முறையை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற, குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி 1992இல் கும்பல் வல்லுறவுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்கமாட்டான் என்ற வாதத்தையும் அது ஏற்றது. ரீசி டெய்லரின் ஊரில் அவள் உடலை இழிவாகப் பேசி நீதி மறுத்தார்கள். இங்கே உடல் தீட்டு என்று சொல்லி மறுத்தார்கள். வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

நம் தமிழ் சினிமாவையும் விட்டுவிட முடியாது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில், மேக்கப்பால் கருமை பூசிய இரண்டு பெண்களைக் கண்டு பதறுவதுதான் நகைச்சுவை. அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிருக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. தந்தையை இழந்த துயரைச் சங்கப் பாட்டாக விட்டுச்சென்ற பெண்கள். பாடியவர்களின் பெயரை எடுத்து, பாட்டை விட்டுவிட்டு, கறுத்த முகத்தை மட்டும் சிரிப்புக்கு வைத்தார்கள். அரங்கம் சிரித்தது.

ஆகவே மாணவ நண்பர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. கறுப்பினப் பெண்ணின் படம் ஒன்று கைப்பேசிக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்போம். இவர் பெயர் என்ன? அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? இந்தப் படத்தால் யாருக்கு வருமானம்? இவர் சொன்னதை யார் நம்ப மறுத்தார்கள்? தலித் பெண்களின் படம் வரும்போதும் இதே நான்கு கேள்விகள். நம் இயக்கச் சுவரொட்டிகளுக்கும் இவை பொருந்தும். கொல்லப்பட்ட பெண்ணின் முகத்தை அச்சிடுகிறோம். அவர் கொடுத்த புகாரையும், அதை வாங்க மறுத்த அலுவலகத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுகிறோமா?

தமிழில் தலித் இலக்கியம் தன்வரலாறாகவும் சாட்சியமாகவும் வளர்ந்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் மொழியைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த மொழிதான் சாட்சி சொன்னது. அந்த வழியில் வந்த நமக்குக் கறுப்பினப் பெண்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள உரிமையில்லை. டோனி மாரிசனையும் ஆலிஸ் வாக்கரையும் பெல் ஹூக்சையும் காலின்சையும் வாசிப்போம். வாசகர் வட்டங்களில் எடுத்துப் பேசுவோம். இன்னும் தமிழுக்கு வராததை மொழிபெயர்ப்போம். மொழிபெயர்க்கும்போது அவர்கள் குரலை நமக்கு வசதியான குரலாக மாற்றாமல் இருப்போம்.

அவர்கள் முகம் நம் கைப்பேசிக்கு எப்போதோ வந்துவிட்டது. சொல் வந்து சேர நாம்தான் உழைக்க வேண்டும்.

ஜெய்பீம்.